அன்றைக்கு முறை யாருடையது?

பார்வை மகஜரில், அதாவது சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் குறிப்பில், ஒரே ஒரு வரிதான். சம்பவ இடத்துக்கு மேற்கே உள்ள வெங்காயப் பாத்திகள் நீர் பாய்ந்து ஈரமாக இருக்கின்றன, கிழக்கே உள்ளவை காய்ந்து கிடக்கின்றன என்று எழுதியிருந்தது. கொலை நடந்த அன்று காலை எட்டரை மணிக்கு, ரத்தக்கறை படிந்த மண்ணையும் சாதா மண்ணையும் தனித்தனியாக எடுத்து, இரண்டு சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு எழுதிய மகஜர். கூடவே ஒரு மாதிரி வரைபடம். அதை வரைந்தவர் விவசாயக் குடும்பத்து ஆளாகத்தான் இருக்க வேண்டும், பாத்திகளை ஒவ்வொன்றாகக் கோடு போட்டுக் காட்டி, ஈரமானவற்றை மட்டும் லேசாகக் கீறி நிழல் போட்டிருந்தார். எண்ணிப் பார்த்தேன். 18 பாத்தி.

அந்த 18 பாத்திதான் ஒரு மனிதனின் ஆயுள் தண்டனையைக் குறைத்தது என்று சொன்னால் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், ஆனால் பெரிய பொய் இல்லை.

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் குற்றவியல் மேல்முறையீடுகள் நடத்தும் ஒரு சீனியரிடம் நான் ஜூனியராக இருந்த காலத்து வழக்கு இது. ஊர் திண்டுக்கல் பக்கம். பெயர்களை எழுதப்போவதில்லை, அடையாளம் தெரியாமல் இருக்க ஒன்றிரண்டு விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். இரண்டு குடும்பமும் இன்னும் அதே ஊரில், ஒரே தடத்தில் நடந்து போய்க்கொண்டிருக்கிறது.

செத்தவரும் அடித்தவரும் பங்காளிகள். பெரியப்பா மகன், சித்தப்பா மகன். தாத்தா வெட்டிய கிணறு, ஆளுக்குப் பாதி. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் "கிணற்றில் 2-ல் 1 பாகமும், பம்புசெட், மின் இணைப்பில் 2-ல் 1 பாகமும், மாமூல் நடை, வண்டித்தடம், வாய்க்கால் பாத்தியமும்" என்று வழக்கமான வாசகம் இருக்கிறது. எங்கள் வீட்டுப் பத்திரத்திலும் இதே வாசகம்தான், பாகம் மட்டும் வேறு. பாதி என்று எழுதிவிடலாம். ஆனால் கிணற்றில் பாதியை எந்தக் கோலால் அளப்பது? நேரத்தால்தான் அளக்க வேண்டும். அந்த நேரத்தைக் கொடுப்பது மின்சாரம். மும்முனை மின்சாரம் எப்போது வருகிறதோ அப்போதுதான் மோட்டார் ஓடும். அந்த வருடக் கோடையில் அவர்கள் லைனுக்கு ராத்திரி 10-லிருந்து 4 வரை மும்முனை. 10-லிருந்து 1 வரை தம்பிக்கு, 1-லிருந்து 4 வரை அண்ணனுக்கு என்று பேச்சு. வாய்ப்பேச்சுதான், எழுத்தில் எதுவும் இல்லை.

அன்றைக்கு மும்முனை 10-க்கு வரவில்லை. 11.40-க்கு வந்தது.

மொத்த வழக்கும் இங்கே இருக்கிறது. போன ஒரு மணி நாற்பது நிமிடம் யார் கணக்கில் போனது? கடிகாரப்படி பார்த்தால் ஒரு மணிக்குத் தம்பியின் முறை முடிந்தது, அவருக்குக் கிடைத்தது 80 நிமிடம்தான், அது அவர் தலைவிதி. ஈடு பார்த்தால் 2.40 வரை தண்ணீர் அவருடையது. கூட்டுக்கிணறு இருக்கும் எந்த ஊரிலும் போய்க் கேட்டுப் பாருங்கள், இரண்டு பதிலும் கிடைக்கும், இரண்டையும் உறுதியாகச் சொல்வார்கள்.

அண்ணன் ஒரு மணிக்கு வந்தார். வாய்ச்சண்டை. திரும்பிப் போனார். அரை மணி கழித்து மண்வெட்டியோடு வந்து மடையைத் தன் வாய்க்காலுக்குத் திருப்பினார். அப்புறம் நடந்தது சில நொடிகள். தம்பியின் கையிலிருந்த மண்வெட்டி அண்ணனின் இடப்பக்கத் தலையில் ஒரு முறை இறங்கியது. ஒரே அடி, மண்டையோடு உடைந்துவிட்டது. அடித்தவரே பக்கத்துத் தோட்டத்துக்காரரை எழுப்பி டெம்போவில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, போகும் வழியில் உயிர் போனது.

அமர்வு நீதிமன்றம் இந்திய தண்டனைச் சட்டம் 302-ன் கீழ், கொலைக் குற்றத்துக்கு, ஆயுள் தண்டனை கொடுத்தது. (2024 ஜூலையில் புதிய சட்டங்கள் வருவதற்கு முந்தைய வழக்கு, நான் சொல்லும் பிரிவு எண்களெல்லாம் பழைய சட்டங்களுடையவை.) குற்றவியல் நடைமுறைச் சட்டம் 374(2)-ன் கீழ் மேல்முறையீடு போட்டு, 389-ல் தண்டனையை நிறுத்திவைத்து அவரை வெளியே கொண்டுவரவே ஒன்றரை வருடம் ஆனது. அந்த நேரத்தில்தான் வழக்குக் கட்டு என் மேசைக்கு வந்தது.

அரசுத் தரப்புக் கதை இதுதான்: முதல் சண்டைக்குப் பிறகு எதிரி (கோர்ட் பாஷையில் குற்றம் சாட்டப்பட்டவர், இங்கே தம்பி) அரை மணி நேரம் மண்வெட்டியோடு காத்திருந்தார், அண்ணன் திரும்பி வந்ததும் கொலை செய்யும் நோக்கத்தோடு அடித்தார். அந்த அரை மணி நேரம்தான் சீனியரைத் தூங்கவிடாமல் செய்தது. கோபம் ஆறுவதற்கு அரை மணி போதும் என்று அமர்வு நீதிபதியும் எழுதியிருந்தார். ஆறின பிறகு அடித்தால் அது திட்டம். எது கொலை என்று சொல்லும் 300-ன் 4-வது விதிவிலக்கு கிடைக்காது. முன்கூட்டிய திட்டம் இருக்கக் கூடாது, திடீர்ச் சண்டையாக இருக்க வேண்டும், ஆத்திரத்தின் வேகத்தில் நடந்திருக்க வேண்டும், எதிராளி மீது நியாயமற்ற அனுகூலம் எடுத்திருக்கக் கூடாது, கொடூரமாக நடந்திருக்கக் கூடாது. எல்லாம் சேர்ந்தால்தான் கொலை என்பது கொலையாகாத மரணம் என்று இறங்கும்.

சீனியர் நகரத்தில் பிறந்து வளர்ந்தவர். சட்டத்தில் அவர் பார்த்த பார்வையில் நூறில் ஒரு பங்கு எனக்கு வராது. ஆனால் பாத்தி நிறைய எவ்வளவு நேரமாகும் என்று அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். பத்து வயதிலிருந்து அப்பாவுக்கு டார்ச் பிடித்திருக்கிறேன். அஞ்சு குதிரை மோட்டார், அந்த அளவு வெங்காயப் பாத்தி என்றால் ஒன்றுக்கு ஆறு நிமிடம். 11.40-லிருந்து 1 மணி வரை 80 நிமிடம், பதின்மூன்று பாத்தி. 1.30 வரை 110 நிமிடம், பதினெட்டு. வரைபடத்தில் 18 இருந்தது. அப்படியானால் அண்ணன் திட்டிவிட்டுப் போன பிறகும் இந்த மனிதர் ஐந்து பாத்திக்குத் தண்ணீர் கட்டியிருக்கிறார். ஒவ்வொரு பாத்திக்கும் மடையை வெட்டி, அது நிறைந்ததும் அணைத்து, அடுத்ததைத் திறந்து, குனிந்தும் நிமிர்ந்தும் வேலை பார்த்திருக்கிறார். கொல்லக் காத்திருப்பவன் பாத்தி மாற்றிக்கொண்டிருப்பானா?

இதைச் சொன்னபோது சீனியர் வரைபடத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "இத ட்ரையல்ல ஏன்யா யாரும் கேக்கல?" என்றார். யாரும் கேட்கவில்லை. அந்த 18 பாத்தி ஐந்தாறு வருடமாகக் கட்டுக்குள் அப்படியே கிடந்தது.

அடுத்தது மண்வெட்டி. சான்றுப் பொருள் 1. இதைப்பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

நோக்கம் இருந்ததா இல்லையா என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது என்பதற்கு 2006-ல் ஆந்திர வழக்கு ஒன்றில் நீதிபதி ஆர்.வி.ரவீந்திரன் எழுதிய தீர்ப்பை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். ஒரு பழத்தைப் பறித்தது, மாடு மேய்ந்தது, பிள்ளைகள் சண்டை போட்டது என்று சின்ன விஷயங்கள்கூட உயிர்ப்பலியில் முடிகின்றன என்று சொல்லிவிட்டு, எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று அதில் வரிசையாகச் சொல்லியிருக்கிறது. ஆயுதம் எப்படிப்பட்டது, அதைக் கையோடு கொண்டுவந்தாரா அல்லது அந்த இடத்திலேயே எடுத்தாரா, உயிர்நிலையில் அடித்தாரா, எவ்வளவு வேகம், ஒரு அடியா பல அடியா, முன்பகை உண்டா. நல்ல தீர்ப்பு. ஆனால் ராத்திரித் தண்ணீர் கட்டுகிறவன் மண்வெட்டியை எந்தக் கணக்கில் சேர்ப்பது? வீட்டிலிருந்து கொண்டுவந்ததுதான், ஆனால் அடிப்பதற்காகக் கொண்டுவரவில்லை. அந்த இடத்தில் கோபத்தில் எடுத்ததும் இல்லை, ஏற்கெனவே கையில்தான் இருந்தது. ஆபீஸில் இரண்டு பேர் இப்படிச் சண்டை போட்டால் சட்டையைப் பிடிப்பார்கள், அதிகம் போனால் ஒரு அறை. வயலில் அதே சண்டை அதே அளவு கோபத்தோடு நடந்தால் ஒரு ஆள் செத்துப்போகிறான், ஏனென்றால் இரண்டு பேர் கையிலும் மண்டையைப் பிளக்கிற இரும்பு இருக்கிறது, அது இல்லாமல் வேலை செய்ய முடியாது.

2023 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தில் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கு இதற்கு ரொம்பப் பக்கத்தில் வருகிறது. பக்கத்து நிலத்துக்காரர்கள், பாதைத் தகராறு, ஆயுதம் களைக்கொத்து. நீதிபதி பர்திவாலா எழுதிய அந்தத் தீர்ப்பில் 304 இரண்டாம் பகுதிக்கு, அதாவது சாவு வரலாம் என்று தெரிந்தும் கொல்லும் நோக்கம் இல்லாமல் செய்த குற்றத்துக்கு, இறக்கி 5 ஆண்டாக்கினார்கள். 299-க்கும் 300-க்கும், அதாவது மரணம் விளைவிக்கும் குற்றத்துக்கும் கொலைக்கும், உள்ள வித்தியாசத்தை அவ்வளவு பொறுமையாக விளக்கிய தீர்ப்பு சமீபத்தில் வேறு இல்லை. எங்கள் வழக்கு அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

எதிர்த்தரப்பு வாதமும் லேசானதில்லை. ஒரே அடி என்றால் கொலை இல்லை என்று சட்டம் எங்கேயும் சொல்லவில்லை. 1958-ல் பஞ்சாப் வழக்கில் நீதிபதி விவியன் போஸ் சொன்னதும் ஒரே ஒரு ஈட்டிக் குத்தைப் பற்றித்தான். அந்தக் காயத்தை உண்டாக்கும் நோக்கம் இருந்தது, அந்தக் காயம் இயல்பான போக்கில் சாவை உண்டாக்கப் போதுமானது, அவ்வளவு நிரூபித்தால் கொலைதான், கொல்ல நினைத்தாரா என்று தனியாகக் கேட்க வேண்டாம். அரசு வழக்கறிஞர் இதை எடுத்து வைத்தபோது எனக்கு வயிறு கலங்கியது. அடி பட்ட இடம் தலை.

சீனியர் தற்காப்புரிமையையும் ஒரு கட்டத்தில் யோசித்தார். தண்ணீரைத் தப்பாகத் திருப்புவதே 430-ன் கீழ் 5 ஆண்டு வரை தண்டிக்கக்கூடிய குற்றம், சொத்தைக் காக்கும் உரிமை எனக்கு உண்டு என்று சொல்லலாம்தானே? சொல்லலாம், ஆனால் 103-ஐப் படித்தால் நின்றுவிடும். உயிரிழப்பை உண்டாக்கும் அளவுக்குச் சொத்துரிமை எப்போது நீளும் என்றால், கொள்ளை, ராத்திரியில் வீடு புகுதல், குடியிருக்கும் கட்டடத்துக்குத் தீ வைத்தல், அல்லது திருட்டோ சேதமோ வீட்டு அத்துமீறலோ சாவோ கொடுங்காயமோ வரும் என்று நியாயமாக அஞ்சும்படி நடக்கும்போது மட்டும். மடை திருப்புவது அதில் வராது. அது சரியான சட்டம்தான், தண்ணீருக்கு உயிரை எடுக்கலாம் என்று ஒரு சட்டம் சொன்னால் கோடையில் ஊரில் ஆள் மிஞ்சாது. இடிக்கும் இடம் 99. அரசு அதிகாரிகளின் பாதுகாப்பை நாட நேரம் இருந்தால் தற்காப்புரிமை இல்லை என்கிறது அது. ராத்திரி ஒன்றரை மணிக்கு, ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீரைக் காப்பாற்ற எந்த அதிகாரியை நாடுவது?

பகலிலும் அவர்கள் நாடிப் பார்த்திருக்கிறார்கள், அதுதான் வேதனை. ஆறு மாதம் முன்னால் அண்ணனே காவல் நிலையத்தில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (மனுவைப் பதிவு செய்ததற்கான ரசீது) வாங்கியிருந்தார். இரண்டு பேரையும் கூப்பிட்டு "இனி சண்டை போட மாட்டோம்" என்று எழுதி வாங்கி அனுப்பிவிட்டார்கள். முறை எப்படி, மின்தடைக்கு ஈடு உண்டா என்று ஒரு வார்த்தை அதில் இல்லை. அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 147-ல் நிலத்தையோ நீரையோ பயன்படுத்தும் உரிமை பற்றிய தகராறு அமைதியைக் கெடுக்கும் என்றால் வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ. விசாரித்து உத்தரவு போடலாம் என்று இருந்தது. சட்டத்திலேயே தண்ணீர் என்ற வார்த்தை இருந்தது! யாரும் அங்கே அனுப்பவில்லை.

பஞ்சாப், ஹரியானா பக்கம் கால்வாய்த் தண்ணீருக்கு வாராபந்தி என்று ஒரு முறை உண்டு. வாரத்தின் 168 மணி நேரத்தை நிலத்தின் அளவுப்படி நிமிடக் கணக்கில் பிரித்து அட்டவணை போட்டுவிடுவார்கள். வாய்க்கால் நிறைவதற்கு ஆகும் நேரத்துக்குத் தனிக் கழிவு உண்டு. ஒருவருக்கே எப்போதும் ராத்திரி முறை வராதபடி வருடத்துக்கு ஒரு தடவை 12 மணி நேரம் தள்ளிப் போடுவார்கள். 1873-ஆம் வருடத்துக் கால்வாய்ச் சட்டம் அதற்குப் பின்னால் இருந்தது. அங்கேயும் தண்ணீர்க் கொலை நடக்கிறது, சட்டப் புத்தகங்களில் அந்த வழக்குகளைப் படித்திருக்கிறேன், ஆனால் அங்கே குறைந்தபட்சம் முறை யாருடையது என்று கேட்டால் பார்க்க ஒரு தாள் இருக்கிறது. நம் பக்கம் கண்மாய்ப் பாசனத்தில் நீர்பாய்ச்சி, மடைக்குடும்பன் என்று ஆள் இருந்தார்கள். நிலத்துக்காரன் மடையைத் தொடக்கூடாது, பங்கு பிரிப்பது அவர்கள் வேலை, அறுவடையில் நெல் கூலி. பெரும்பாலும் தலித்துகள், ஊரின் சாதி அடுக்கு அவர்கள் முதுகில்தான் இருந்தது, அதைப் பொற்காலம் என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். ஆனால் மடைக்கும் சண்டைக்காரனுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு ஆள் நின்றார். ராத்திரி நேரத்துக் கூட்டுக்கிணற்றில் அப்படி யாரும் இல்லை.

சரி, வழக்குக்கு வருகிறேன். இரண்டு நீதிபதிகள் அமர்வு, இரண்டு நாள் வாதம். சீனியர் வரைபடத்தை எடுத்து வைத்து ஈரப் பாத்திகளின் கணக்கைச் சொன்னார். மூத்த நீதிபதி பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார், "ஒரு பாத்திக்கு ஆறு நிமிடம்னு யார் சொல்றது, சாட்சி இருக்கா?" என்றார். சாட்சி இல்லை. எண்ணிக்கை சரியாக வராவிட்டாலும் அரை மணி நேரமும் அவர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார் என்று அரசுத் தரப்பின் மகஜரே காட்டுகிறது, சந்தேகத்தின் பலன் எதிரிக்கு என்று சீனியர் பிடித்துக்கொண்டார். பிறகு எதிரியின் முன்கையில் இருந்த காயம். அதே ராத்திரி ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில் ஏறியிருந்தது. அரசுத் தரப்பு அதற்கு விளக்கமே தரவில்லை. எதிரியின் மேல் உள்ள காயத்தை விளக்காமல் விட்டால் வழக்கின் மூலமே சந்தேகத்துக்கு உள்ளாகும் என்று 1976-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடைசியாக, செத்தவரின் மனைவி குறுக்கு விசாரணையில் சொன்ன ஒரு வாக்கியம்: "அவரும் மண்வெட்டி எடுத்துட்டுத்தான் போனாரு." இரண்டாவது மண்வெட்டியைப் போலீஸ் கைப்பற்றவே இல்லை. இரண்டு கையிலும் ஒரே கருவி இருந்தால் நியாயமற்ற அனுகூலம் எங்கே வந்தது?

அந்த அம்மா நினைத்திருந்தால் அந்த வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

302 ரத்தாகி 304 இரண்டாம் பகுதி, 7 ஆண்டு. ஏற்கெனவே உள்ளே இருந்த காலம் கழியும். தொகை ஒன்றை இழப்பீடாகக் கட்டச் சொன்னார்கள். நாங்கள் ஜெயித்தோம். எனக்கு அது சரியான தீர்ப்பு என்றுதான் இன்றைக்கும் படுகிறது.

தீர்ப்பு நாளன்று செத்தவரின் மனைவி, அந்த அக்கா, மகனோடு வந்திருந்தார். வெளியே வேப்பமரத்தடியில் நான் கட்டைத் தூக்கிக்கொண்டு போகும்போது வந்து நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"தம்பி, அன்னைக்கி மொற யாருதுன்னு கோர்ட்ல சொன்னாங்களா?"

நான் நின்றுவிட்டேன். நாற்பது பக்கத் தீர்ப்பு, அதற்கு முன்னால் அமர்வு நீதிமன்றத்தின் அறுபது பக்கம், இத்தனை வருடம், இத்தனை வக்கீல்கள். எங்கேயும் யாரும் அதைத் தீர்மானிக்கவில்லை. தீர்மானிக்கத் தேவையும் இல்லை. 4-வது விதிவிலக்குக்குக் கீழே ஒரு விளக்கம் இருக்கிறது: யார் முதலில் தூண்டினார்கள், யார் முதலில் தாக்கினார்கள் என்பது இங்கே முக்கியமில்லை. அதை வைத்துத்தான் நாங்களே ஜெயித்தோம். முறை யாருடையதாக இருந்தாலும் குற்றம் அதேதான்.

"இல்லக்கா. அத அவங்க பாக்கல."

"ஓ" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

மூன்று மாதம் கழித்துச் சீனியர் அலுவலகத்துக்குப் போன் செய்து என்னை விசாரித்து, மகனை அழைத்துக்கொண்டு வந்தார். பிளாஸ்டிக் பைக்குள் ஒரு நாற்பது பக்க நோட்டு. அவர் வீட்டுக்காரர் எழுதியது. தேதி, மும்முனை வந்த நேரம், போன நேரம், யார் எத்தனை மணி பாய்ச்சியது. போலீஸும் கேட்கவில்லை, இவரும் கொடுக்கவில்லை. புரட்டிப் பார்த்தேன். மூன்று இடத்தில் "ஈடு 1 மணி", "ஈடு ஒண்ணரை" என்று இருந்தது. மூன்றும் அண்ணனின் முறையில் கரண்டு போன நாட்கள். தம்பி விட்டுக் கொடுத்திருக்கிறார், அண்ணன் எடுத்திருக்கிறார்.

அவர் நான் எந்தப் பக்கத்தில் நிறுத்துகிறேன் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்குத் தெரிந்துதான் கொண்டுவந்திருக்கிறார்.

"அப்ப அன்னைக்கி தண்ணி அவுகளதா?"

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. இருக்கலாம் அக்கா என்று சொன்னால் இத்தனை வருடம் அவர் தாங்கிக்கொண்டிருந்ததை என்ன செய்வார்? இல்லை என்று சொன்னால் நோட்டு இருக்கிறது. அவரே நோட்டை வாங்கிப் பைக்குள் வைத்தார். இரண்டு குடும்பத்துக்கும் முறை எழுதித் தர முடியுமா என்று கேட்டார், கரண்டு போனால் என்ன செய்வது என்பதையும் சேர்த்து. கிணறு சும்மா கிடக்கிறது. மின் இணைப்பு செத்தவர் பெயரில் இருக்கிறது, பெயர் மாற்றவும் தம்பி வீட்டு ஆட்களின் கையெழுத்து வேண்டும். இரண்டு தோட்டமும் மானாவாரியாகிவிட்டது.

எதிர்த்தரப்பில் நின்றவன் எழுதலாமா என்று சீனியரிடம் கேட்டேன். வழக்கு முடிந்துவிட்டது, இரண்டு பக்கமும் தெரிந்து சம்மதித்தால் எழுது என்றார். எழுதினேன். ஒன்றரைப் பக்கம். மும்முனை வந்த நிமிடத்திலிருந்து இரண்டாகப் பிரிப்பது, வந்த நேரம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஆளுக்குப் பாதி, நேரத்தை மோட்டார் ரூம் சுவரில் இருவரும் எழுதுவது, தகராறு வந்தால் மோட்டாரை நிறுத்திவிட்டு விடியும் வரை யாரும் மடையைத் தொடாமல் இருப்பது. அக்கா ஒவ்வொரு வரியையும் மகனை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மறு பக்கத்தில் தம்பியின் மகனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். முழுதாகப் படித்தான், இரண்டாவது தடவையும் படித்தான். "அப்பா வரட்டும் சார், வந்து போடுவாரு" என்று மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தான்.